பொன்னியம்மன் உண்டியலில் கஜானா சாவி

எந்த ஊர் கஜானா என்று மட்டும் கேட்காதீர்கள். திருத்தணியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை. அங்கே கணக்கராக இருக்கிற தேவயானிக்கு அந்த ஊர்ப் பெயரை இந்த விஷயத்தில் இழுத்தால் பிடிக்காது. தேவயானிக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டு நெசவாளர் தெருவில் நிம்மதியாக நடமாடியவர்கள் குறைவு.

தேவயானி பிறந்தது, வாக்கப்பட்டது இரண்டும் திருத்தணியில், அதே நெசவாளர் தெருவில்தான். முருகன் வள்ளியைக் கட்டிக்கொண்ட ஊரில் பெண்ணுக்குத் தேவயானி என்று பேர் வைத்தாரே என்று அவள் அப்பா கிருஷ்ணனைத் தெருவே கேலி செய்ததாம். "மூத்தவளுக்கும் ஊருல ஒரு எடம் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு மனிதர் தறியில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அந்தப் பிடிவாதம் அப்படியே மகளுக்கு வந்துவிட்டது.

இருபத்தொன்பது வயதில் தேர்வு எழுதி வேலை வாங்கினாள். அலுவலக வாசலில் 'சார்நிலைக் கருவூலம்' என்று பலகை உண்டு. அதை வாயால் சொன்னவர் ஒருவரும் கிடையாது. பஸ் கண்டக்டரே "கஜானா எறங்கு" என்றுதான் கூவுவார். ஆனால் கஜானா என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிருஷ்ணனுக்கு அது ராஜா காலத்துத் தங்கம். "எம் பொண்ணு கைக்குக் கீழ கோணி கோணியா பவுனு இருக்குது" என்று அவர் டீக்கடையில் அளந்துவிட்டதைக் கேட்டு, முதல் மாதமே நாலு பேர் கைமாற்றுக் கேட்டு வந்து நின்றார்கள். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அது மாதக் கடைசியில் போனில் வருகிற ஒரு மணிச் சத்தம். இரண்டு விசைத்தறி வைத்திருக்கிற அவள் கணவர் பாலசுப்பிரமணியனுக்கோ, சமையலறையில் அவள் துவரம் பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைக்கிற நோட்டுகள்தான் கஜானா. பாவு நூல் வாங்கப் பணம் முடைபட்டால் "உன் கஜானாவுல இன்னா இருக்குது?" என்பார். பருப்போடு சேர்த்து எடுத்துக் கொடுப்பாள், திட்டிக்கொண்டே.

டிவியில் எந்தக் கட்சிக்காரராவது கஜானா காலி என்று முழங்கினால் போதும், மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அவளை நிறுத்தி விசாரிப்பார்கள்.

"காலியாமே தேவயானி, மெய்யாவா?"

"நேத்து சாயங்காலம் நான் பூட்டிக்கினு வரசொல்லோ எல்லாம் இருந்துதே" என்பாள் முகத்தில் சிரிப்பில்லாமல். அவளுக்கு உள்ளுக்குள் ரோஷம்தான். யாரோ தன் வீட்டு அடுக்களையில் நுழைந்து பானையைத் திறந்து பார்த்தது மாதிரி.

உண்மையைச் சொன்னால் அந்த அறைக்குள் பணமே கிடையாது. சம்பளமும் பென்ஷனும் கம்ப்யூட்டர் வழியாக பேங்குக்குப் போய்விடுகின்றன. உள்ளே இருப்பவை முத்திரைத்தாள் கட்டுகள், மற்ற ஆபீஸ்களின் மாற்றுச் சாவிகள் அரக்கு வைத்த உறைகளில், அவ்வப்போது வந்து தங்கிப் போகிற பரீட்சை வினாத்தாள் பெட்டிகள், அப்புறம் ஒரு மூக்குத்தி. ஏதோ திருட்டு வழக்கில் பிடிபட்டு, கோர்ட்டு முத்திரையோடு ஒரு சின்ன உறைக்குள் பதினெட்டு வருஷமாகக் கிடக்கிறது. தேவயானி அதைக் கண்ணால் பார்த்ததில்லை. சரக்கை எண்ணிச் சரிபார்க்கும்போதெல்லாம் உறையை எடுத்து, அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அதைப் பறிகொடுத்த பெண் இன்னும் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று நினைப்பு ஓடும். அவளைக் கேட்டால் கஜானா என்பது அதுதான். யாரோ ஒருத்தருடையது, கொஞ்ச காலம் நம்மிடம் இருக்கிறது, நாம் அதைத் தொடக்கூடாது.

அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது கணக்கரிடம். இரண்டும் ஒரே கையில் ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. தேவயானி தன் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து கைப்பையின் உள்ளறையில் வைத்திருப்பாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துணியை மாற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, புதிதாக முடிவாள்.

அவளுடைய கறாரைத் தெருவில் எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள். அதிகம் அனுபவித்தவள் பூவம்மாள், எதிர்வீட்டுக்காரி, எழுபத்திரண்டு வயது. அவள் வீட்டுக்காரர் கஜானா இருக்கிற அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து செத்துப்போனதால் குடும்ப பென்ஷன் தேவயானியின் ஆபீஸிலிருந்துதான் வருகிறது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். பூவம்மாளுக்கு வயல் வேலை செய்து செய்து விரல் ரேகை தேய்ந்து மெஷினில் பதியாது. அதனால் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மாதம் பார்த்து மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"நீயே எழுதிக்கோ. தினம் காலையில என் மூஞ்சியில முழிச்சிட்டுத்தான பஸ்ஸுக்குப் போற. நான் உயிரோட இருக்கறது உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா. ஆபீஸுக்குத் தெரியாதே" என்றாள் தேவயானி. "அதுக்கு டாக்டர் கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தாலும் போதும். சட்டம்னா சட்டம்தான்."

டாக்டரைத் தேடிப் போக ஆள் இல்லை. ஒரு மாதப் பென்ஷன் நின்றது. அடுத்த மாதமே சேர்த்து வந்துவிட்டது என்பது வேறு விஷயம். பூவம்மாள் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது தேவயானி கடந்து போனால் மாவை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுவாள், அவ்வளவுதான்.

இப்போது ஆடி மாதம். செப்டம்பர் கடைசியில் தேவயானிக்கு ஓய்வு. முப்பத்தொரு வருஷத்தில் அவள் பேரில் ஒரு மெமோ கிடையாது. வேலையில் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் நூற்றுப் பதினாறு ரூபாயை, ஒரு நூறு ரூபாய் நோட்டும் பதினாறு ஒற்றை ரூபாய்க் காசுமாக மஞ்சள் துணியில் முடிந்து தெருமுனைப் பொன்னியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு குண்டுமணி குறையாமல் வெளியே வந்தால் இது உனக்கு. அந்த முடிப்பு பருப்பு டப்பாவுக்கும் கீழே, இத்தனை வருஷம், எந்த முடையிலும் கை படாமல் கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிச் சரக்கு எண்ணிக்கை. எல்லாம் சரியாக இருந்தது, மூக்குத்தி உட்பட. மத்தியானம் அரசாங்க வேலைக்கான தேர்வு வினாத்தாள் பெட்டிகள் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவை மையங்களுக்குப் புறப்பட வேண்டும். அவளும் அதிகாரி திலீப்பும் சேர்ந்து பூட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இனி என்ன இருக்கிறது, இரண்டு மாதம் ஒரு கணக்கா, ஆடி வெள்ளியும் அதுவுமாக அம்மனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எண்ணிக்கை சரியாக வந்தால் பார்க்கலாம் என்று முடிப்பைக் காலையிலேயே சாவி முடிப்போடு பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். எதிலும் முந்தாதவள் இதில் முந்தினாள்.

கோவிலில் கூழ் ஊற்றுகிற கூட்டம். செம்பும் தூக்குவாளியுமாக இடித்துக்கொண்டு நின்றார்கள். கற்பூரப் புகையில் கண் எரிந்தது. பைக்குள் கைவிட்டு முடிப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டாள். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தாள். படுக்கும்போது பையைத் திறந்து பார்த்தாள், மஞ்சள் முடிப்பு இருந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பையை எடுத்து மாட்டும்போது உள்ளே காசு குலுங்கியது.

அவள் நின்ற நிலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்த பாலசுப்பிரமணியனிடம் முடிப்பை நீட்டினாள். அவர் அவிழ்த்துப் பார்த்தார். நோட்டும் காசும். அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தேவயானி முதலில் செய்தது திலீப்புக்குப் போன் போட்டது. முப்பத்திரண்டு வயது அதிகாரி. அவளிடம் பாதி வேலை கற்றுக்கொண்டவர்.

"சார், என் சாவி என் கையில இல்ல. கோயில் உண்டியல்ல விழுந்துடுச்சி. என் தப்புதான்."

திலீப் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "திருவள்ளூர்ல மாத்துச் சாவி இருக்கு மேடம். ஆனா நான் எழுதிக் கேட்டாத்தான் தருவாங்க. சாவி தொலைஞ்சிடுச்சின்னு எழுதினா..." என்று இழுத்தார்.

இழுத்ததன் மிச்சம் அவளுக்குத் தெரியும். பூட்டை மாற்ற வேண்டும், விசாரணை வரும், தற்காலிகப் பணி நீக்கம் வரலாம். அப்படி வந்தால் செப்டம்பரில் ஓய்வு கிடையாது. பென்ஷனும் விசாரணை முடிகிற வரைக்கும் தொங்கும். முப்பத்தொரு வருஷம் போய், சாவியைத் தொலைத்த கணக்கர் என்ற பேர் மட்டும் நிற்கும். எழுதாமல் விட்டால், விடிந்தால் பரீட்சை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள், தான் ஒரு நாள் உட்கார்ந்த மாதிரி, ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"நாலு மணி வரைக்கும் பாருங்க சார்" என்றாள். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் எழுதிடுங்க. எனக்காகப் பாக்க வேணாம்."

உண்டியலுக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று தர்மகர்த்தாக்களிடம். ஒன்று எல்லப்பனிடம், சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டு ரிட்டையர் ஆனவர். ஒன்று தறிக்காரர் பச்சையப்பனிடம். மூன்றாவது, வேறு யார், பூவம்மாளிடம். பச்சையப்பன் கூழுக்காகப் பள்ளிப்பட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும் உடனே வண்டியை எடுத்தார். ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் இப்போதே வரத் தொடங்கியிருந்தன. ரோடெல்லாம் மஞ்சள் வேட்டிக் கூட்டம், ஊருக்கு வெளியே வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை.

பூவம்மாள் அதற்கு முன்பே வந்து கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் சாவியோடு. தெருவே கூடிவிட்டது. மூன்று பூட்டும் திறந்ததும் எல்லப்பன் சில்லறைக்குள் கைவிட்டு, மஞ்சள் முடிப்பை எடுத்துத் தட்டில் வைத்தார். துணிக்குள் சாவியின் வடிவம் தெரிந்தது. தேவயானி கையை நீட்டினாள்.

"இரு" என்றாள் பூவம்மாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் தேவயானியிடம் பேசிய முதல் வார்த்தை. "செவுத்துல இன்னா எழுதியிருக்குது, படி."

படிக்க வேண்டியதில்லை. உண்டியலில் விழுந்தது அம்மனுக்கே சொந்தம், பொருளாக இருந்தால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"சர்க்கார் சாவிம்மா அது" என்றார் எல்லப்பன் மெதுவாக. "பாத்தாலே தெரியுது, இவளுதுதான்னு."

"எனக்கும் தெரியும். அம்மனுக்குத் தெரியாதே" என்றாள் பூவம்மாள். "போன வருசம் பச்சையப்பன் மருமவன் வண்டிச் சாவி விழுந்தப்ப ஏலத்துலதான எடுத்தான்? ஐந்நூறு ரூபா குடுத்தான். சட்டம்னா சட்டம்தான்."

பாலசுப்பிரமணியன் முன்னால் வந்து ஏதோ சொல்லப் போனார். தேவயானி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்க சொல்றது சரிங்க. ஏலம் போடுங்க."

இந்தத் தெரு ஏலத்தைப் பார்த்திருந்தால்தான் உங்களுக்கு விளங்கும். அம்மன் சூலத்தில் குத்திய ஒற்றை எலுமிச்சம் பழத்துக்கு ஏழாயிரம் வரைக்கும் போவார்கள். ரோஷம் வந்துவிட்டால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது கேட்கிற ஜாதி. எல்லப்பன் தட்டைத் தூக்கிப் பிடித்தார். தேவயானி பர்ஸை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கையில் இருந்தது அந்தக் காணிக்கைக் காசு முடிப்பு மட்டும்தான். அதைப் பிரித்தாள்.

"நூத்தியொரு ரூபா" என்றாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. எலுமிச்சம் பழத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனக்காகத்தான் இப்படி நிற்கிறார்கள் என்று தேவயானிக்குத் தெரிந்தது.

எல்லப்பன் ஒரு தரம் என்று சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார்.

"ஒத்த ஆளு கேட்டா ஏலம் செல்லாதே. எதிர்க்கேள்வி ஒண்ணாவது வேணும். யாராச்சும் ஏத்திக் கேளுங்கப்பா."

கூட்டம் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. அவளுக்கு எதிராகக் கேட்க யாருக்கு மனசு வரும்? பச்சையப்பன் கோபுரத்தைப் பார்த்தார். பாலசுப்பிரமணியன் வாயைத் திறந்தார், ஒரே வீட்டுக்காரர் கேட்டால் கணக்கில் சேராது என்று எல்லப்பன் அடக்கிவிட்டார். மணி மூன்று பத்து. மூன்றேகால். தேவயானி போனை எடுத்து மணி பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். திலீப் இந்நேரம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்.

"நூத்திப்பத்து" என்றாள் பூவம்மாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "இன்னா மனுசி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பூவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவயானி கையில் இருந்ததை முழுசாகத் தட்டில் வைத்தாள். "நூத்திப்பதினாறு. இதுக்கு மேல எங்கிட்ட இல்லக்கா."

பூவம்மாள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த தலைப்பை எடுக்கவே இல்லை.

"ஒரு தரம்" என்றார் எல்லப்பன். "ரெண்டு தரம்." தட்டை தேவயானி பக்கம் நீட்டினார். "மூணு தரம்."

சாவி கைக்கு வந்ததும் தேவயானி முதலில் போன் செய்தாள். "சாவி இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் பூவம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நெசவாளர் தெரு இதுவரை பார்க்காதபடி, தேம்பித் தேம்பி அழுதாள்.

"எதுக்கு அழுற?" என்றாள் பூவம்மாள். "எதிர்க்கேள்வி இல்லாம ஏலம் செல்லாதுன்னு உனக்குத் தெரியாதா? நான் ஒருத்தியாவது கேக்கலன்னா நாளைக்கு எவனாவது செல்லாதுன்னுவான். உன்னுதா இல்லாத சாவிய வச்சிகினு எப்படி கதவத் தொறப்ப?"

மஞ்சள் துணியில் முடிந்த காசு எப்படியோ அம்மனுக்கே போய்ச் சேர்ந்தது. கணக்கு முடியும் முன்னே காணிக்கை கொண்டுபோனால் அவள் எப்படி வாங்குவாள், அதனால்தான் ஒரு நாள் அலைக்கழித்து அப்புறம் எடுத்துக்கொண்டாள் என்று பாலசுப்பிரமணியன் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னார். அடக்கி வைத்திருந்த சிரிப்பையும் அப்போதுதான் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு முதலில் திலீப்பின் சாவியும் பிறகு அவளுடையதும் திரும்பின, பெட்டிகள் புறப்பட்டுப் போயின. திங்கட்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்று திலீப் எவ்வளவு சொல்லியும், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை சாவி தன் கைவசம் இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை ஒளிக்காமல் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினாள். இனி கவனமாக இருக்கவும் என்று ஒரு வரி பதில் வந்து விஷயம் முடிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் வாங்கிய ஒரே ஒரு மெமோ.

ஆகஸ்டில் பூவம்மாளின் முறை வந்தது. தேவயானி காலையிலேயே அவள் வீட்டு வாசலில் போய் நின்று, கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து அழைத்துப் போனாள். ஆபீஸில் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேரு சொல்லுங்க" என்றாள்.

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்..."

"ஆபீஸுக்குத் தெரியாது. ஆங், எழுதிக்கோ. பூவம்மா. உயிரோடதான் இருக்கறேன்."

முத்திரை குத்தி முடித்ததும் பூவம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் இரண்டு பூட்டுத் தொங்குகிற கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தேவயானி பக்கம் குனிந்தாள்.

"அடுத்த வருசம் நீயும் பென்ஷன்காரி. இந்தப் பக்கம்தான் வந்து நிக்கணும், தெரியுமில்ல? பயப்படாத. நீ உயிரோட இருக்கறன்னு சொல்ல நான் கூட வரேன்."